குணவதி அடித்த பெட்டி

எங்கள் கடைக்கு சப்வூஃபர் என்கிற அடிச்சத்த ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் படியில் கால் வைக்கும்போதே கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அண்ணே, கண்ணாடி ஆடுமா?" ஆடும் என்றால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. ஆடாது என்றால் பின்தெருவில் இன்னொரு கடை இருக்கிறது. எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணியில் காடிக்கு, அதாவது காருக்கு, பாட்டுச் சாமான் மாட்டுகிற வேலையில் நான் இருக்கிற இத்தனை வருஷத்தில், வேறு கேள்வியோடு வந்த முதல் ஆள் குணவதி அக்காதான்.

"தம்பி, பாட்டு நின்னா இதுவும் கூடவே நின்னுருமா? இல்ல, சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்குமா?"

கடை வாசலில் மஞ்சள் நிறப் பள்ளி வேன் நின்றது. அக்காவின் தலையில் தொப்பி, கழுத்தில் துண்டு, கையில் சாவிக்கொத்து. என் சீன முதலாளி ஆ லெக்கைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். ரப்பர் தோட்டத்துக் கடைக்காரர் வீட்டில் பிறந்து, தமிழ்ப் பிள்ளைகளோடு ரப்பர் கொட்டை பொறுக்கி வளர்ந்தவர். நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அவர் செய்தித்தாளை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"யாருக்குத் தங்கச்சி? மவனுக்கா?"

"எம் மவனுக்கு மீன் தொட்டி போதும் தவுக்கே. இது எனக்கு."

"வேன்லயா? பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டா?"

"புள்ளைங்கள எறக்கிவுட்டுட்டுத் திரும்பி வர்றப்ப நான் ஒருத்திதானே வர்றேன். அந்த நேரத்துக்கு."

ஆ லெக் என்னைப் பார்த்தார். அவர் பார்வைக்கு 'நீயே கவனி' என்று பொருள். செய்தித்தாள் மறுபடியும் மேலே போனது.

அக்காவைப் பற்றி அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். பள்ளி முடித்த கையோடு பிறை என்கிற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவர். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே உட்கார்ந்து பலகைகளில் ஈயம் வைத்து ஒட்டுவது வேலை. தொழிற்சாலை ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கைக்கு வந்த தொகையில் மற்றவர்கள் நகை வாங்கினார்கள், அக்கா பழைய வேன் ஒன்று வாங்கினார். புருஷன் மணிவேலன் கையுறை ஆலையில் இரவு ஷிஃப்ட். அவர் வீட்டுக்கு வந்து படுக்கிற நேரத்தில் அக்கா பிள்ளைகளை ஏற்றக் கிளம்புவார். "எங்க வீட்டுல சண்டையே வராது தம்பி. சந்திச்சாத்தானே வரும்" என்பார்.

அக்காவுக்கு ஓர் அண்ணன். பெயர் கதிரேசன். எங்கள் ஊரில் கதிரேசனைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், கேட்காதவர்கள் கிடையாது. நீல நிற வீரா காடி. பின்னால் டிக்கி முழுக்க மூன்று பதினைந்து அங்குல சப்வூஃபர். அவர் இரண்டு தெரு தள்ளி வரும்போதே கூரைத் தகரங்களுக்குத் தகவல் வந்துவிடும். சந்தையில் மீன் விற்கிற பெண் ஒருத்தி, "கதிரண்ணன் காடி வந்தா எம் மீனெல்லாம் மறுபடியும் நீந்துது" என்று சொன்னதாக ஊரில் பேச்சு.

குணவதி அக்கா சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலேயே அண்ணனிடம் இந்தக் கிறுக்கு தொடங்கிவிட்டது. "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போண்ணே" என்று கேட்டால், "பொம்பளப் புள்ளைக்கு வயிறு கலங்கிரும், தள்ளி நில்லு" என்பாராம். நிறுத்தி வைத்த காடியில் பாட்டு ஓடும்போது இவர் பின்னால் போய் டிக்கி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

"உள்ள என்னாத்த அடிக்கிறாங்கன்னு கைக்குத் தெரிஞ்சிச்சு தம்பி. இது தவுலு, இது உறுமின்னு. ஆனா காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சலு. அது ஏன் அப்படின்னு எனக்கு அப்பலேருந்து ஒரு கேள்வி."

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சப்வூஃபர் தேர்ந்தெடுக்க அக்கா ஒருநாள் காலையில் வந்தார், கைப்பேசியில் ஓர் உறுமி மேளப் பதிவோடு. தைப்பூசத்துக்கு மலையடியில் ஏதோ ஒரு குழு வாசித்ததை யாரோ நல்ல மைக்கு வைத்துப் பதிந்திருந்தார்கள். உறுமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் வரும் பாருங்கள், கீழேயிருந்து எழுந்து மேலே போய் மறுபடி கீழே விழுகிற முனகல். அதைத்தான் அக்கா சோதனைக்கு வைத்தார்.

கடையின் பின்னறையில் ஒரு சுவர் முழுக்க சப்வூஃபர்கள் இருக்கும். நான் முதலில் பெரிய பதினைந்து அங்குலத்தைத் தட்டிவிட்டேன். காற்று போய்வர முன்பக்கம் துளை விட்ட பெட்டியில் அது இருந்தது. அலமாரியில் இருந்த திருகாணி டப்பா குதித்தது. அக்காவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"எப்படிக்கா?"

"பெரிய மனுசன் மாதிரி இருக்கு."

"அப்ப இதையே எடுத்துக்கலாமா?"

"இல்ல தம்பி, பெரிய மனுசன் மாதிரின்னா, யாரு என்னா கேட்டாலும் ஒரே பதிலு. தவுல் அடிச்சாலும் 'தூம்', உறுமிய இழுத்தாலும் 'தூம்'. அடிச்சவன் கைய எடுத்தப்புறமும் இது பேசிக்கிட்டே இருக்கு."

பிறகு பன்னிரண்டு அங்குலம். பிறகு எட்டு. எட்டு அங்குலம் வேகமாக இருந்தது, ஆனால் உறுமி கீழே இறங்கும் இடத்தில் மூச்சு வாங்கியது. கடைசியாக, துளை எதுவும் இல்லாத மூடிய பெட்டியில் இருந்த பத்து அங்குலத்தைப் போட்டேன். அது தூக்கிப்போடவில்லை. டப்பா குதிக்கவில்லை. ஆனால் உறுமி இழுத்தது, இறங்கியது, நின்றது. நின்ற இடத்தில் ஓர் அமைதி இருந்தது.

அக்கா தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த உறுமி இழுப்பையே மூன்று தடவை கேட்டார்.

"இதுல ரெண்டு" என்றார்.

ஆ லெக் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, பத்து இஞ்சுல்லாம் கல்யாணம் ஆவாத பசங்க எடுக்கிறது. ஒங்கண்ணன் பாத்தா சிரிப்பான்" என்றார்.

"அவரு சிரிக்கிறது கேக்காது தவுக்கே. அவருகிட்ட மூணு பதினஞ்சு ஓடுது."

அடுத்த பிரச்சினை பெட்டி. கடையில் விற்கிற பெட்டிகளெல்லாம் காடி டிக்கிக்குச் செய்தவை. வேனில் கடைசி இருக்கைக்குக் கீழேதான் இடம், அதுவும் சக்கர மேடு ஒரு பக்கம் முட்டி, மறுபக்கம் தரை சரிந்து, வெட்டி வைத்த பப்பாளித் துண்டு மாதிரி இருந்தது. அதற்கேற்றபடி பெட்டி அடிக்கிற தச்சர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். அவர் "அடுத்த மாசம்" என்று சொன்னால் எந்த வருஷத்து அடுத்த மாதம் என்று கேட்கவேண்டும்.

"பலகைய நானே அறுக்கிறேன். எப்படின்னு மட்டும் சொல்லு" என்றார் அக்கா.

சொன்னேன். சப்வூஃபருக்குப் பெட்டி என்பது வெறும் கூடு இல்லை, பாதி சத்தம் அதில்தான் இருக்கிறது. உள்ளே எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சப்வூஃபருக்கும் ஓர் அளவு உண்டு. காற்று குறைந்தால் சப்வூஃபரின் கூம்பு, அதாவது முன்னும் பின்னும் ஆடுகிற பாகம், மூச்சுத் திணறும், கூடிப்போனால் தளர்ந்து தடுமாறும். மூடிய பெட்டி என்றால் எறும்பு நுழைகிற சந்துகூட இருக்கக் கூடாது. நம் ஊர் மழைக்கு அழுத்திய தூள் பலகை உப்பிவிடும், நல்ல ஒட்டுப்பலகைதான் சரி.

அக்கா அட்டைப்பெட்டிகளை வெட்டி, இருக்கைக்குக் கீழே பொருத்திப் பார்த்து, அச்சு எடுத்துக்கொண்டு போனார். வாடகைக்கு ஒரு மின்ரம்பம் எடுத்தார். அவர் அறுக்கக் கூடிய நேரம், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதற்கும் மதியம் ஏற்றப் போவதற்கும் நடுவில். அதாவது, மணிவேலன் மாமா தூங்குகிற நேரம்.

அந்த வாரம் நான் சாமான் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாமா கைலியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"டேய் பன்னீரு, எம் பொண்டாட்டிக்கு நீதான் இந்த வித்தையச் சொல்லிக் குடுத்தியா?"

"அக்காதான் மாமா கேட்டாங்க."

"அவ கேப்பா. நாளைக்கு ஏரோப்ளேன் எப்படிச் செய்யறதுன்னு கேப்பா. நீ சொல்லிருவியா?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏங்க, அந்தப் பலகைய ஒரு கை புடிங்க, முழிச்சித்தானே இருக்கீங்க."

மாமா பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்ப் பலகையைப் பிடித்தார். அன்றிலிருந்து அவர் ஆலையிலிருந்து இரண்டு ஜோடி கையுறையும் காதில் வைக்கிற பஞ்சுத் தக்கையும் கொண்டு வர ஆரம்பித்தார். கையுறை அக்காவுக்கு, தக்கை அவருக்கு.

முதல் பெட்டி தோற்றது. அக்கா வெளி அளவை உள் அளவாக எடுத்துக்கொண்டார். பலகையின் கனத்தைக் கழிக்கவில்லை. உட்கார வைத்துப் பார்த்தால் சத்தம் மூக்கடைத்த மாதிரி வந்தது. அக்கா அந்தப் பெட்டியைக் கோழிக்குக் கொடுத்துவிட்டார். சப்வூஃபருக்கு வெட்டிய வட்டத் துளை வழியாகக் கோழி தலையை நீட்டிக்கொண்டு முட்டையிட்டது. இரண்டாவது பெட்டியில் அளவு சரி, ஆனால் ஒரு மூலையில் காற்று கசிந்தது. கூம்பை விரல்களால் மெதுவாக அழுத்திவிட்டால், காற்றுப் புகாத பெட்டியில் அது நிதானமாகத் திரும்பி வரவேண்டும். இது டக்கென்று துள்ளியது. சோப்பு நுரை தடவிப் பார்த்து, குமிழி வந்த மூலையைக் கண்டுபிடித்துப் பசை வைத்து அடைத்தார். அதன் பிறகு கூம்பு, சாப்பிட்டு முடித்த ஆள் நாற்காலியிலிருந்து எழுவது மாதிரி மெல்ல எழுந்தது.

வயரிங்குக்கு எங்கள் கடைக்கு வந்தார். பேட்டரியிலிருந்து தடித்த கம்பி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். எர்த் கம்பிக்கு வேனின் தரையில் பெயிண்ட்டைச் சுரண்டிப் வெற்று இரும்பைப் பார்த்தபிறகே திருகு வைக்க விட்டேன். அதில் சோம்பேறித்தனம் பண்ணினால் எஞ்சினை முறுக்கும்போதெல்லாம் பாட்டுக்குள் கொசு கத்தும். சப்வூஃபர் இரண்டையும் ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கிற வேலையை அக்காவே செய்தார். தொழிற்சாலைக் கை. ஈயம் வைத்த இடங்கள் மணி மணியாக மின்னின.

பாட்டைப் போட்டோம். ஒன்றுமே இல்லை. அதாவது பாட்டு வந்தது, அடி வரவில்லை. கூம்பு இரண்டும் ஆடுகின்றன, சத்தத்தைக் கூட்டினால் இன்னும் ஆடுகின்றன, ஆனால் வயிற்றில் ஒன்றும் விழவில்லை. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஆ லெக் வந்தார், குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, ஒண்ணு வெளிய வர்றப்ப ஒண்ணு உள்ள போவுது. ஒன் வீடு மாதிரியே."

ஒன்றில் கூட்டல் கம்பியும் கழித்தல் கம்பியும் மாறிப்போயிருந்தன. ஒரு கூம்பு தள்ளுகிற காற்றை இன்னொன்று இழுத்துக்கொள்ள, மிச்சம் பூஜ்யம். கம்பியை மாற்றினோம். உறுமி வந்தது. வேனுக்குள் உட்கார்ந்திருந்த அக்கா உள்ளங்கையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு தே ஓ ஐஸ் என்கிற பாலில்லாத ஐஸ் டீ குடிக்கப் போய்விட்டேன். சில நேரத்தில் நாம் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன வேலைகள் மீதி இருந்தன. பாடகர் குரலெல்லாம் கதவு ஸ்பீக்கருக்கு, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்கு என்று எல்லை பிரித்துக் கொடுத்தேன். ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகாமல், சத்தம் கிழிகிற இடத்துக்கு நன்றாகக் கீழே நிறுத்தினேன். அப்புறம் கடகடப்பு வேட்டை. அடி விழும்போதெல்லாம் வேனில் ஏதோ ஒன்று கூடவே பேசியது. நம்பர் பிளேட், பின்கதவுத் தகடு, கூரை விளக்கின் மூடி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பஞ்சு வைத்து அடைத்தோம். கடைசியாக மிஞ்சிய ஒரு கிணுகிணுப்பு இருக்கைக்குள்ளிருந்து வந்தது. கிழித்துப் பார்த்தால் ஒரு கோலிக் குண்டு, பாதி தின்ற மிட்டாய், ஒரு பால் பல்.

பிள்ளைகள் ஏறியிருக்கும்போது அக்கா சத்தத்தை வீட்டு ரேடியோ அளவுக்குக் குறைத்துவிடுவார். ஆனாலும் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. மல்லிகேஸ்வரி என்று ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகளை இந்த வேனில் அனுப்புகிறவர், ஒரு மதியம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றார்.

"என்னா குணவதி, வேனா இல்ல டிஸ்கோவா? எம் புள்ளைங்க காது என்னாவுறது?"

"ஏறுங்க" என்றார் அக்கா.

"எங்க?"

"உள்ள. புள்ளைங்களோட ஒரு ரவுண்டு வாங்க. பிடிக்கலன்னா வேற வேன் நானே பாத்துத் தர்றேன்."

அந்த அம்மா ஏறினார். வேனில் ஒரு சட்டம் இருந்தது. யாராவது கத்தினால், அடித்துக்கொண்டால், அக்கா ஒரு வார்த்தை பேசாமல் பாட்டை நிறுத்திவிடுவார். அதனால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். "டேய், வாய மூடு, பாட்டு போயிரும்" என்று முதலாம் ஆண்டுப் பிள்ளை ஆறாம் ஆண்டுப் பிள்ளையை மிரட்டியது. ஒரு குட்டிப் பெண் இருக்கையில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. தன் வீட்டு வாசலில் இறங்கும்போது மல்லிகேஸ்வரி கேட்ட கேள்வி: "இத வீட்டுக்குள்ள மாட்ட முடியுமா?"

பட்டர்வொர்த் கடற்கரைத் திடலில் வருஷத்துக்கு ஒருமுறை சவுண்டுப் போட்டி நடக்கும். இரண்டு பிரிவு. ஒன்று, யார் சத்தம் பெரிது. இன்னொன்று, யார் பாட்டு நல்ல பாட்டு. முதல் பிரிவுக்குக் கூட்டம் அள்ளும். இரண்டாவதற்கு நடுவரும் போட்டியாளரும் ஓர் ஐஸ்கிரீம்காரரும் இருப்பார்கள். நான்தான் அக்காவை இரண்டாவது பிரிவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை. மாமா அன்று தூங்காமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பளபளக்கிற காடிகளின் வரிசையில் மஞ்சள் வேன் நின்றதைப் பார்த்து, கதிரேசன் தன் கூட்டத்தோடு வந்தார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் தடிச் சங்கிலி.

"குணா, பள்ளிக்கூடம் இங்க இல்ல. வழி மாறி வந்துட்டியா?"

"போட்டிக்குண்ணே."

"இதா? எத்தன இஞ்சு?"

"பத்து."

கூட்டம் சிரித்தது. கதிரேசன் சிரிக்காமல் தங்கையின் தோளைத் தட்டி, "சரி, வெயில்ல நிக்காத. தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுப் போனார். கேலி செய்கிறவர்தான், கெட்டவர் இல்லை.

நடுவர் ஹாட்யாயிலிருந்து வந்த ஒரு தாய்லாந்துக்காரர். சோம்சாக் என்று பெயர். சட்டைப் பையில் சொந்தமாக ஒரு பாட்டுத் தட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு காடியிலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடி அதைக் கேட்பார். வேனில் ஏறி, கேட்டு முடித்து, பிறகு அக்காவிடம் கைஜாடையில் 'உன் பாட்டு ஏதாவது?' என்றார். அக்கா உறுமியைப் போட்டார். அவர் கண் திறந்தது. என்ன கருவி என்று விரலை வளைத்துத் தேய்த்துக் காட்டிக் கேட்டார். அக்காவும் விரலை வளைத்துத் தேய்த்துக் காட்டினார். இருவரும் அப்படியே கொஞ்ச நேரம் காற்றில் உறுமி வாசித்தார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. அக்கா நான்காவதாக வந்தார், மொத்தம் ஐந்து வண்டிகள். சோம்சாக் அரைகுறை மலாய் மொழியில் காரணம் சொன்னார். அடி முதல் தரம், ஆனால் வேனின் கதவு ஸ்பீக்கர் மிகவும் கீழே இருக்கிறது, பாடுகிறவர் குரல் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது.

"அப்ப பாடகரு என் கால்ல உழுந்து கெடக்காருன்னு சொல்றாரு" என்று அக்கா சிரித்தார். மாமாவுக்குத்தான் வருத்தம். "கால்ல உழுந்தா மார்க்கு கூடத்தானே குடுக்கணும்?"

மதியத்துக்குமேல் பெரிய சத்தப் போட்டி. கதிரேசனின் வீராவுக்குள், முன்பக்கம் அளவுக் கருவியை வைத்துக் கதவுகளைச் சாத்தினார்கள். கதிரேசன் வெளியே நின்று ரிமோட்டை அமுக்கினார். மண்ணில் நின்ற எங்கள் கால் கூசியது. கூரை அலைபோல் ஏறி இறங்கியது. எண் ஏறிக்கொண்டே போனது, கூட்டம் கத்தியது. திடீரென்று 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவு இரைச்சலிலும் அது எப்படியோ கேட்டது. முன் கண்ணாடியில் எப்போதோ கல் பட்டு ஒரு புள்ளி இருந்திருக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து கோடு கிளம்பி, கிளை விட்டு, கண்ணாடி முழுக்க ஆல விழுதாகப் படர்ந்துவிட்டது.

கூட்டத்துக்கு அது கொண்டாட்டம். கைத்தட்டு, விசில். கதிரேசனும் கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டாம் பரிசும் வாங்கினார். கோப்பையோடு காடிக்குத் திரும்பி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று அவருக்கு உறைத்தது. காடியை இழுவை லோரியில் ஏற்றி அனுப்பினார்கள். கூட்டாளிகள் காடிகளில் பின்னிருக்கை இருந்த இடமெல்லாம் சப்வூஃபர். ஆள் உட்கார இடம் இல்லை.

"ஏறுண்ணே" என்றார் அக்கா.

அப்படித்தான் கதிரேசன் தங்கையின் வேனில் முதல்முறையாக ஏறினார். முன்னால் மாமா, நடுவில் நான். அவருக்குக் கிடைத்தது கடைசி வரிசை, எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவான இருக்கை, முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில், மடியில் கோப்பை. சப்வூஃபர் அவருக்கு நேர் கீழே.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அக்கா பாட்டைப் போட்டார். பிள்ளைகள் இல்லாத சத்தத்தில். திரும்பிக் கதிரேசனைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"குணா, இது ரெண்டு பத்துதானா?"

"ஆமாண்ணே."

"பொய் சொல்லாத. வேற எங்கயோ ஒளிச்சி வச்சிருக்க."

"கீழ குனிஞ்சி பாரு."

முழங்கால் விடவில்லை. குனிய முடியாமல் இருக்கையைத் தடவிப் பார்த்தார். "யாரு பொட்டி அடிச்சா? பினாங்குல அடிச்சியா?"

"நாந்தான்."

"நீயா?"

"ரெண்டாவது தடவ சரியா வந்திச்சு. மொத தடவ அடிச்சதுல கோழி குடியிருக்கு."

மாமா திரும்பாமலே சொன்னார். "பலக புடிச்சது நானு. அதையும் சேத்து எழுதிக்குங்க மச்சான்."

கதிரேசன் சிரித்தார். உறுமி முடிகிற இடத்தில், "இன்னொருக்கா போடு" என்றார். சுங்கைப் பட்டாணி வரும்வரை நான்கு முறை அப்படிச் சொன்னார். இறங்கும்போது கால் மரத்துப்போய் வேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வயிறு கலங்கிச்சாண்ணே?" என்று அக்கா கேட்டார். அவர் தங்கையின் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

புதுக் கண்ணாடி மாட்டிய வீராவோடு சில வாரம் கழித்து அவர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். பெட்டி அடித்துத் தரவேண்டும். துளை இல்லாத பெட்டி, மூன்று வேண்டாம், ஒன்று போதும் என்றார். அதற்குள் ஆளுக்கு ஆள் சொல்லி அக்காவுக்கு வேறு வேலைகள் வந்திருந்தன. ஒரு பேக்கரி வேன், ஒரு தேவாலயத்தின் மினி பஸ். "வரிசைல நில்லுண்ணே" என்றார் அக்கா. நின்றார். நிற்கும்போது சும்மா இருக்காமல் பலகைக்கு உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தார். வேலை முடிந்து மாட்டியபிறகு காடிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டவர் வெளியே வரவே இல்லை. உள்ளே இருந்த பாடலெல்லாம் தீர்ந்தபின் கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மற்ற இரண்டு சப்வூஃபரையும் அந்த வாரமே எங்கள் கடையில் விற்கக் கொடுத்துவிட்டார். மீன்காரப் பெண் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

எங்கள் தச்சரை ஆ லெக் கைகழுவிவிட்டார். கோணல் மாணலான இடமுள்ள வண்டி எது வந்தாலும், "தங்கச்சி வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார். அக்கா வேனை விடவில்லை. காலையும் மதியமும் பிள்ளைகள், நடுவில் பெட்டி. மணிவேலன் மாமா பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். இப்போதெல்லாம் அவர்களுக்குள் சண்டை வருகிறது என்று இருவருமே சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

போன மாதம் பிண வண்டி வைத்திருக்கிற ராஜரத்தினம் வந்தார். கண்ணாடி பதித்த நீள வண்டி. தேவாரம் போடுகிறோம், சத்தம் எடுபடவில்லை, நல்லதாக ஒரு சப்வூஃபர் மாட்டவேண்டும் என்றார். அக்கா வண்டியைச் சுற்றி வந்தார், உள்ளே பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு அடி வேணாம்ணே" என்றார்.

"ஏம்மா, காசு குடுக்க மாட்டேன்னு பாக்கிறியா?"

"அதில்லண்ணே. பின்னால நடந்து வர்றவங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கும். நாம வேற அடிக்கணுமா? முன்னால நல்லதா ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் மாட்டுங்க. பாடறவரு குரலு தெளிவாக் கேட்டாப் போதும்."

ராஜரத்தினம் முனகிக்கொண்டே எங்கள் கடைக்கு வந்து ஸ்பீக்கர் மட்டும் வாங்கினார். நான்தான் மாட்டிக் கொடுத்தேன். ஆள் நெஞ்சுக்கு நேராக வருகிற மாதிரி, கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். வேலை முடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டுக் காட்டினேன். தேவாரம் ஓடியது. மறுமுனையில் வேனுக்குள் பிள்ளைகள் கூச்சல். ஒரு பிள்ளை, "அக்கா, இது யாரு பாட்டு?" என்று கேட்டது.

"வாய மூடு, கேளு" என்றார் அக்கா.